பூஞ்சைச் செல்லின் சவ்வுகளில் கொழுப்புப் பொருள்களின் பங்கீடு

2021-ஆம் ஆண்டின் மே, ஜூன் மாதங்களில், கோவிட் நோயிலிருந்து மீண்டு கொண்டிருந்த பலரைக் கருப்புப் பூஞ்சை நோய் பற்றியது. மியூக்கர்மைக்கோசிஸ் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்நோய், மூக்கின் உட்புறத்தில் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் பரவக் கூடியது. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் நாடெங்கும் 40,000-க்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளாயினர். இந்நோய்க்குரிய முதன்மையான மருந்து ஆம்போட்டெரிசின்-பி. மருத்துவர்கள் பெரிதும் வேண்டி நின்றது, அம்மருந்தின் லிப்போசோம் வடிவத்தை. அதாவது, நுண்ணிய கொழுப்புக் குமிழ்களின் சவ்வில் பொதிந்து தரப்படும் வடிவத்தை. தேவை திடீரெனப் பன்மடங்கு பெருகியதால் அதற்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. மேலும் சில நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் அளிக்கப்பட்டது. வெளிநாடுகளிலிருந்தும் மருந்து தருவிக்கப்பட்டது. மாநிலங்களுக்கு அது அளவிட்டுப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பூஞ்சையைக் கொல்லும் மருந்தைக் கொழுப்பில் பொதிவானேன்? சாதாரண வடிவம் மலிவாகக் கிடைக்கும்போது, அதனைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவானேன்? இவ்வினாக்களுக்கான விடை, பூஞ்சைச் செல்லின் சவ்வுகளில் எந்தக் கொழுப்புப் பொருள் எவ்விடத்தில், எவ்வளவு உள்ளது என்பதில் அடங்கியிருக்கிறது. ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் உரியதெனத் தோன்றும் இச்செய்தி, மருத்துவமனைக்கும் வயலுக்கும் பொதுவானதாகும்.

ஒரு செல், பல சவ்வுகள்

பூஞ்சையின் செல், பாக்டீரியாவின் செல்லைப் போல ஒரே அறை கொண்டதன்று. மனிதச் செல்லைப் போலவே அதற்குள்ளும் உட்கரு, மைட்டோகாண்டிரியா, எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு, வாக்குவோல் எனப் பல அறைகள் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிச் சவ்வு சுவராக அமைந்துள்ளது. செல் முழுவதையும் சூழ்ந்திருப்பது பிளாஸ்மா சவ்வு; இதனை இங்குப் புறச்சவ்வு எனக் கொள்ளலாம். அதற்கும் வெளியே கைட்டின், குளுக்கான் ஆகியவற்றால் ஆன கடினமான செல்சுவர் உள்ளது.

சவ்வுகள் யாவும் லிப்பிடுகள் எனப்படும் கொழுப்பு இனப் பொருள்களாலும் புரதங்களாலும் ஆனவை. லிப்பிடுகள் ஒன்றோடொன்று முதுகு பொருத்திய இரு அடுக்குகளாக நிற்கின்றன. அவற்றுள் பாஸ்போலிப்பிடுகள், ஸ்பிங்கோலிப்பிடுகள், ஸ்டீரால்கள் என்னும் மூன்று வகைகள் முதன்மையானவை. மூன்றும் எல்லாச் சவ்வுகளிலும் ஒரே விகிதத்தில் கலந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் உண்மை அதற்கு நேர்மாறானது.

இதனைக் கண்டறிவது எளிதன்று. ஈஸ்ட் செல்லை உடைத்து, அதன் உறுப்புகளை அடர்த்தி வேறுபாட்டின் அடிப்படையில் மையவிலக்குப் பொறியில் சுழற்றிப் பிரிக்க வேண்டும். பிரித்த பகுதியில் வேறு சவ்வுகள் கலந்துள்ளனவா என்பதை, அந்தந்த உறுப்புக்கே உரிய நொதிகளைக் கொண்டு சோதிக்க வேண்டும். சிறிதளவு கலப்பும் கணக்கைப் பொய்யாக்கிவிடும். ஆஸ்திரியா நாட்டின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் ரொட்டி ஈஸ்ட்டின் சவ்வுகளை இவ்வாறு ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் லிப்பிடு இயைபை 1991-இல் வெளியிட்டனர். பின்னர் நிறை நிறமாலைமானி போன்ற நுட்பமான கருவிகள் வந்து எண்களைத் திருத்தின. ஆயினும் அன்று வரைந்த படத்தின் அடிப்படை மாறவில்லை.

அப்படத்தின்படி, பூஞ்சைகளுக்கே சிறப்பான எர்கோஸ்டிரால் என்னும் ஸ்டீரால் பெரும்பாலும் புறச்சவ்வில் குவிந்துள்ளது. அங்குள்ள லிப்பிடு மூலக்கூறுகளில் மூன்றில் ஒன்று எர்கோஸ்டிரால் எனத் தோராயமாகக் கொள்ளலாம். உள்வலையாகிய எண்டோபிளாச வலையிலோ அது பத்தில் ஒன்று என்ற அளவிலேயே உள்ளது. ஸ்பிங்கோலிப்பிடுகளும் புறச்சவ்விலேயே செறிந்துள்ளன. எர்கோஸ்டிராலும் ஸ்பிங்கோலிப்பிடும் அருகருகே நெருங்கி நிற்பதால் புறச்சவ்வு தடித்தும் இறுகியும் காணப்படுகிறது. எதிர்பாராத பொருள்கள் எளிதில் ஊடுருவாமல் காக்க வேண்டிய எல்லைச் சுவருக்கு இது பொருத்தமே. உள்வலையின் சவ்வு மெல்லியது, நெகிழ்வானது. புதிதாக உருவாகும் புரதங்களைத் தன்னுள் ஏற்றுக்கொள்ள வேண்டிய பட்டறை அது.

மைட்டோகாண்டிரியாவின் நிலை வேறு. அதன் உட்சவ்வில் கார்டியோலிப்பின் என்னும் தனித்தன்மை வாய்ந்த பாஸ்போலிப்பிடு உள்ளது. செல்லின் வேறு எவ்விடத்திலும் அது குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. மூச்சு விடுதலுக்கான நொதிக் கூட்டங்கள் நிலையாக நிற்க அது தேவைப்படுகிறது. மிகுதியான கொழுப்பு சேமிக்கப்படும் கொழுப்புத் துளிகளுக்கோ முழுச் சவ்வே இல்லை. ஓரடுக்குப் பாஸ்போலிப்பிடு உறை மட்டுமே உண்டு. செல்லுக்கு உடனடியாகத் தேவைப்படாத எர்கோஸ்டிரால், கொழுப்பு அமிலத்தோடு இணைக்கப்பட்டு, தீங்கற்ற வடிவில் அத்துளிகளுக்குள் வைக்கப்படுகிறது.

ஒரே சவ்வின் இரு அடுக்குகளும்கூடச் சமமானவை அல்ல. பாஸ்பாட்டிடைல்செரின் என்னும் பாஸ்போலிப்பிடு, புறச்சவ்வின் உள்ளடுக்கிலேயே நிற்கிறது. வெளியடுக்கிற்கு நழுவும் மூலக்கூறுகளை மீண்டும் உள்ளே புரட்டிவிடுவதற்கென்றே தனிப் புரதங்கள் உள்ளன. அவை செலவிடும் ஆற்றலைப் பார்த்தால், இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது செல்லுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும்.

எர்கோஸ்டிரால்

1889-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலர் டான்ரே, ரை என்னும் தானியத்தின் கதிரைத் தாக்கும் எர்காட் பூஞ்சையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார்; பெயர் அதனாலேயே அமைந்தது. மனித உடலின் கொலஸ்டிராலுக்கு இது மிக நெருங்கிய உறவு. கூடுதலாக இரண்டு இரட்டைப் பிணைப்புகளும், பக்கச் சங்கிலியில் ஒரு மீதைல் தொகுதியும் உண்டு, வேறுபாடு அவ்வளவே. இச்சிறு வேறுபாட்டை நம்பியே பூஞ்சை நோய் மருத்துவத்தின் பெரும்பகுதி நிற்கிறது. காளானை வெயிலில் காயவைத்தால் அதில் வைட்டமின் டி உண்டாவதும் எர்கோஸ்டிராலின் மீது புறஊதாக் கதிர் படுவதாலேயே என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம்.

எர்கோஸ்டிராலை உருவாக்குவது பூஞ்சைக்குச் செலவு மிக்க வேலை. ஒரு மூலக்கூறுக்கு 12 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவைப்படுகின்றன. ஆக்சிஜன் அறவே இல்லாத சூழலில் ஈஸ்ட் வளர வேண்டுமாயின், எர்கோஸ்டிராலை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும் என்பது 1953-லேயே நிறுவப்பட்டது. நொதித்தல் தொழிற்சாலைகளில், தொடக்கத்தில் ஈஸ்ட்டுக்குச் சிறிது காற்றூட்டும் வழக்கத்தின் அறிவியல் காரணமும் இதுவே.

உற்பத்தி ஓரிடம், இருப்பு வேறிடம்

வியப்புக்குரிய செய்தி யாதெனில், எர்கோஸ்டிரால் உருவாவது புறச்சவ்வில் அன்று. அதனை ஆக்கும் நொதிகள் பெரும்பாலும் உள்வலையிலும், சில கொழுப்புத் துளிகளின் மேற்பரப்பிலும் உள்ளன. எர்கோஸ்டிரால் மிகக் குறைவாக உள்ள சவ்விலேயே அது தயாராகி, மிகுதியாக உள்ள சவ்வுக்கு ஏற்றி அனுப்பப்படுகிறது. தண்ணீரில் கரையாத பொருளை, தண்ணீர் நிறைந்த செல்லின் ஊடே, செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்குக் கொண்டுசெல்வது எங்ஙனம்?

சவ்வுக் குமிழ்களில் ஏறிச் செல்வது ஒரு வழி. ஆனால் அவ்வழியை அடைத்த ஈஸ்ட் செல்களிலும் எர்கோஸ்டிரால் புறச்சவ்வை அடைவது காணப்பட்டது. எனவே வேறு வழியும் இருத்தல் வேண்டும். ஈஸ்ட்டில் உள்வலையின் ஒரு பகுதி புறச்சவ்வின் அடியில் மிக நெருக்கமாக ஒட்டிக் கிடக்கிறது. இத்தகைய சந்திப்பிடங்களில், ஸ்டீராலைத் தம் உட்குழிவில் ஏந்திச் செல்லும் புரதங்கள் செயற்படுகின்றன. அவற்றுள் ஆஷ் என்னும் குடும்பத்தில் மட்டும் ஈஸ்ட்டில் ஏழு புரதங்கள் உள்ளன. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஆஷ்-4 புரதம், ஸ்டீராலை ஒரு சவ்வில் இறக்கிவிட்டு, பாஸ்பேட்டு ஏறிய வேறொரு லிப்பிடை மாற்றாக ஏற்றிக் கொள்கிறது. திரும்பும் வண்டி வெறுமையாக வருவதில்லை. செறிவுக்கு எதிராகச் சரக்கை நகர்த்தும் ஆற்றல் இப்பண்டமாற்றிலிருந்து கிடைக்கிறது.

மைட்டோகாண்டிரியாவுக்குக் குமிழ்ப் போக்குவரத்தே கிடையாது. அதனை உள்வலையோடு கட்டிவைக்கும் புரதக் கூட்டம் ஒன்று 2009-இல் ஈஸ்ட்டில் கண்டறியப்பட்டது. உள்வலையில் உருவாகும் பாஸ்பாட்டிடைல்செரின் மைட்டோகாண்டிரியாவுக்குச் சென்று, அங்கு பாஸ்பாட்டிடைல்எத்தனோலமீன் ஆக மாற்றப்பட்டு, மீண்டும் உள்வலைக்கு வந்து, பாஸ்பாட்டிடைல்கோலின் ஆக முடிவதுண்டு. ஒரே சரக்கு இரு பட்டறைகளுக்கிடையே போய்வந்து முழுமை பெறுகிறது.

மருந்துகள் தாக்கும் இரு முனைகள்

இப்பங்கீட்டை மனத்தில் கொண்டால், பூஞ்சைக் கொல்லி மருந்துகளின் செயல் தெளிவாகும். சரக்கு சென்று சேரும் இடத்தில் சில மருந்துகள் தாக்குகின்றன. சரக்கு தயாராகும் இடத்தில் வேறு சில தாக்குகின்றன.

முதல் வகையில் பாலியீன்கள் அடங்கும். 1950-இல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிவியலர் அறிவித்த நிஸ்டாட்டின் இவ்வகையில் முன்னோடி. வெனிசுவேலாவின் ஓரினாக்கோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து ஆம்போட்டெரிசின்-பி பின்னர் கிடைத்தது. இம்மருந்து புறச்சவ்வில் உள்ள எர்கோஸ்டிராலோடு பிணைந்து துளையிடுகிறது. சவ்விலிருந்து எர்கோஸ்டிராலை உறிஞ்சி வெளியேற்றுவதே முதன்மையான செயல் என்று 2014-இல் வெளியான ஆய்வொன்று வாதிட்டது. எவ்வாறாயினும் இலக்கு எர்கோஸ்டிராலே. ஆனால் மனிதச் செல்லின் கொலஸ்டிராலோடும் அது ஓரளவு பிணைவதால் சிறுநீரகம் கெடுகிறது. சாதாரண வடிவத்தைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவது இதனாலேயே. லிப்போசோம் குமிழில் பாஸ்போலிப்பிடுகளோடு கொலஸ்டிராலையும் கலந்தே வைத்திருக்கிறார்கள். மருந்து அக்கொலஸ்டிராலைப் பற்றியபடி குமிழிலேயே தங்கி, தன்னை வலுவாக ஈர்க்கும் எர்கோஸ்டிரால் கிடைக்கும் இடத்தில் இறங்குகிறது என விளக்கப்படுகிறது.

பாலியீன் ஆராய்ச்சியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. புணேக்கு அருகில் பிம்ப்ரியில் 1954-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமாகிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், 1960-களின் தொடக்கத்தில் ஹாமைசின் என்னும் பாலியீனை இந்திய மண்ணின் நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்தது. எம்.ஜே. திருமலாச்சார் தலைமையிலான குழுவின் ஆக்கம் அது. அதே கூடத்தில் தோன்றிய ஆரியோபங்கின், பயிர் நோய்களுக்குப் பயன்பட்டது. உள்நாட்டு மண்ணில் தேடி, உள்நாட்டுத் தேவைக்கு மருந்து ஆக்கிய இம்முயற்சி இன்று பலரும் மறந்துவிட்ட ஒன்று.

எர்கோஸ்டிரால் போன்ற ஸ்டீரால்கள் லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணியின் சவ்விலும் உள்ளன. அது பூஞ்சை அன்று. ஆயினும் சவ்வின் இயைபில் ஒத்திருப்பதால் அதே மருந்து அதனையும் கொல்கிறது. லிப்போசோம் ஆம்போட்டெரிசினை ஒரே ஒரு முறை செலுத்தினாலே காலா அசார் நோயாளிகளில் 95 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் குணமடைந்ததைப் பீகாரில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. நாட்டின் காலா அசார் ஒழிப்புத் திட்டம் பின்னர் இம்முறையையே ஏற்றது.

இரண்டாம் வகையில் அசோல்கள் முதன்மையானவை. புளுகோனசோல், வோரிகோனசோல் போன்றவை, உள்வலையில் உள்ள லானோஸ்டிரால் டிமெதிலேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. எர்கோஸ்டிரால் வரத்து நின்று, அரைகுறையான ஸ்டீரால்கள் புறச்சவ்வில் இடம்பிடித்து அதன் இறுக்கத்தைக் குலைக்கின்றன. கருப்புப் பூஞ்சை இனத்தில் இந்நொதி இயற்கையிலேயே சற்று வேறுபட்டிருப்பதால், மேற்கூறிய இரு மருந்துகளும் அதனிடம் பலிப்பதில்லை. ஆம்போட்டெரிசினுக்கு 2021-இல் எளிதான மாற்று கிடைக்காமற்போனதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. படர்தாமரைக்குத் தரப்படும் டெர்பினாபின், இதற்கும் முந்திய படியில் ஸ்குவாலீன் எப்பாக்சிடேஸ் நொதியைத் தடுக்கிறது. இந்நொதியில் ஏற்பட்ட மாற்றங்களால் மருந்துக்குப் பணியாத படர்தாமரைப் பூஞ்சை, இந்தியாவில் பரவலாகக் காணப்பட்டதையொட்டி டிரைக்கோபைட்டான் இன்டோட்டினியே என 2020-இல் பெயரிடப்பட்டது.

பெயரால் வரும் மயக்கம்

எல்லாப் பூஞ்சைகளிலும் எர்கோஸ்டிரால் உண்டு என்று முடிவு கட்டுதல் கூடாது. நோயெதிர்ப்பு குன்றியோரின் நுரையீரலைத் தாக்கும் நியுமோசிஸ்டிஸ் பூஞ்சையே எனினும், அதன் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால். ஆகவே ஆம்போட்டெரிசினோ அசோலோ அதற்கு உதவுவதில்லை.

வேளாண் விரிவாக்க அலுவலர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திராட்சையைத் தாக்கும் நோய்களுள் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என இரண்டு உள்ளன. தமிழில் பெயர்கள் ஒத்திருந்தாலும் நோய்க் காரணிகள் உறவற்றவை. சாம்பல் நோய்க்குக் காரணம் உண்மையான பூஞ்சை; அசோல் இனமான டிரையசோல்கள் அதனைக் கட்டுப்படுத்தும். அடிச்சாம்பல் நோய்க்குக் காரணமானது ஊமைசீட்டுகள் என்னும் வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. உருளைக்கிழங்கின் பின்கருகல் நோயை உண்டாக்கும் பைட்டாப்தோராவும் அக்கூட்டமே. இழைகளாக வளர்வதால் இவை முன்னர்ப் பூஞ்சைகளோடு சேர்த்து எண்ணப்பட்டன. ஆனால் இவை தாமாக ஸ்டீரால் உருவாக்குவதில்லை. முடக்க வேண்டிய வழியே இல்லாதபோது டிரையசோல் தெளிப்பது வீண் செலவாகும். மெட்டலாக்சில், மான்கோசெப் போன்ற வேறு மருந்துகளே அங்குத் தேவை.

வயலும் மருத்துவமனையும்

மருந்தெதிர்ப்பிலும் லிப்பிடுப் பங்கீட்டிற்கு இடமுண்டு. கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சை, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் புரதங்களைப் புறச்சவ்வில் வைத்துள்ளது. அவற்றுள் சி.டி.ஆர்-1 என்பதன் மரபணுவை, புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜேந்திர பிரசாத் பெல்ஜிய ஆய்வாளர்களோடு இணைந்து 1995-இல் அறிவித்தார். எர்கோஸ்டிரால் அல்லது ஸ்பிங்கோலிப்பிடின் ஆக்கம் குலைந்தால், இப்புரதம் புறச்சவ்வில் சரியாக அமராமல் போகிறது என்பதை அவரது குழு பின்னர்க் காட்டியது. எதிர்ப்புப் புரதம் இருந்தால் போதாது. அது நிற்பதற்கு உரிய லிப்பிடுத் தளமும் வேண்டும்.

இதனினும் கவலைக்குரியது ஆஸ்பர்ஜில்லஸ் பியுமிகேட்டஸ் பூஞ்சையின் நிலை. இது மண்ணிலும் மட்கும் குப்பையிலும் எங்கும் வாழ்வது. மூச்சோடு உட்சென்று, நலிந்தோரின் நுரையீரலைத் தாக்கக் கூடியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக முக்கியமானவை என வகுக்கப்பட்ட நான்கனுள் இதுவும் ஒன்று. இதற்கு முதன்மையான மருந்துகள் அசோல்களே. கோதுமையின் துரு நோய்க்கும் தேயிலையின் கொப்புள நோய்க்கும் தெளிக்கப்படும் புரோப்பிகோனசோல், ஹெக்சகோனசோல் ஆகியவையும் அசோல்களே. வயலில் தெளிப்பவரின் குறி இப்பூஞ்சை அன்று. ஆயினும் அருகிலிருக்கும் அதன் மீதும் மருந்து படுகிறது. எதிர்ப்பு பெற்ற வகைகள் அங்கே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒருபோதும் அசோல் உட்கொள்ளாத நோயாளிகளிடமும் எதிர்ப்புள்ள பூஞ்சை காணப்பட்டது முதலில் நெதர்லாந்தில் கவனத்தை ஈர்த்தது. அதே மரபணு மாற்றம் கொண்ட பூஞ்சை இந்திய மண்ணிலும் நோயாளிகளிடமும் உள்ளதை 2012-இல் வெளியான ஆய்வுகள் தெரிவித்தன.

பயிருக்கான பூஞ்சைக் கொல்லிகள், 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பரிதாபாத்தில் இயங்கும் பதிவுக் குழுவால் பதிவு செய்யப்படுகின்றன. மனிதருக்கான மருந்துகளோ 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. சட்டங்கள் இரண்டு, அலுவலகங்கள் இரண்டு. இலக்காகும் நொதி ஒன்றே. ஒரு புதிய பயிர் மருந்து பதிவுக்கு வரும்போது, அது தாக்கும் நொதியே மருத்துவமனை மருந்துக்கும் இலக்காக உள்ளதா என்பதை இரு அலுவலகங்களும் கூடிப் பார்ப்பது அரிதன்று. சோதனைச் செலவோ புதிய கருவிகளோ அதற்குத் தேவையில்லை.

அத்தகைய வினா மீண்டும் எழும் அறிகுறிகள் தென்படுகின்றன. பூஞ்சையின் உள்வலையில், புரதங்களைப் புறச்சவ்வோடு பிணைக்கும் ஒரு வகை லிப்பிடு நங்கூரம் தயாராகிறது. அதன் ஆக்கத்திற்கு வேண்டிய ஜி.டபிள்யு.டி-1 என்னும் நொதியை முடக்கும் பாஸ்மனோஜெபிக்ஸ் என்ற மருந்து, ஆஸ்பர்ஜில்லஸ் உள்ளிட்ட கொடிய பூஞ்சைகளுக்காக மனிதரிடம் சோதிக்கப்பட்டு வந்துள்ளது. அதே நொதியை முடக்கும் அமினோபைரிபென் என்ற பயிர் மருந்தும் ஜப்பானில் உருவாக்கப்பட்டுள்ளது.